கருநாக்கும் கறைமிடறும்

திருச்செம்பாலை என்னும் ஊரில் கறைமிடற்றீசர் கோயில் மடைப்பள்ளியை ஒட்டி, நெல் குத்தும் கொட்டாரம் ஒன்று இருந்தது. ஈசர் அமுது செய்தருளும் அரிசி அங்கேதான் உமி நீங்கும். அங்கே உலக்கை பிடித்த பெண்களில் ஒருவர் சடைச்சியார். மந்திரம் அறியார், பதிகம் அறியார். விடியுமுன் ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈரத்தலையோடு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "இன்னைக்கும் உன் சோத்து வேலைக்கு வந்துட்டேன்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லுவார். அவருடைய பூசை அவ்வளவுதான். அதை ஒரு நாளும் அவர் தவறவிட்டதில்லை.

அந்தக் கொட்டாரத்துக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. ஓர் உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். ஒற்றை உலக்கையில் குத்திய அரிசி சாமிக்கு ஆகாது. அடுத்தது, குத்தி முடிக்கும்வரை வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பேச்சோடு தெறிக்கும் எச்சில் அமுதில் விழக்கூடாது அல்லவா? மற்றப் பெண்களுக்கு அந்தத் துணி அரிசிக்குக் காவல். சடைச்சியாருக்கு மட்டும் அது ஊருக்கே காவல் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அம்மையாருக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும். துணியை அவிழ்த்தால் போதும், பால்காரர் முதல் மணியக்காரர் வரை யாரும் தப்ப முடியாது. அடியார் என்பதற்காக அவரைச் சாதுப்பசு என்று எழுதிவிட்டால் கதை அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும்.

அவர் வாழ வந்த வீட்டில் கொழுந்தன் நல்லான் அப்போது பால்மணம் மாறாத குழந்தை. மாமியார் இல்லை. கணவரும் சில ஆண்டுகளில் கண்மூடிவிட்டார். தமக்கென்று ஒரு பிள்ளை பிறக்காத அம்மையார், நல்லானை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தார். ஆளானதும் மங்கை என்னும் பெண்ணைத் தேடிக் கட்டிவைத்தார். ஒரே முற்றம், இரண்டு அடுப்பு என்று வாழ்க்கை நடந்தது. மங்கையையும் கொட்டாரத்துக்கு அழைத்துப்போய்த் தம்முடைய உரலில் எதிரே நிறுத்திக்கொண்டார்.

முதல்நாளே விபத்து. உரல் விளிம்பில் ஏறிய நெல்லைச் சடைச்சியார் கையால் உள்ளே தள்ளுகையில், முறை தெரியாத மங்கை உலக்கையைப் போட்டுவிட்டாள். அம்மையாரின் ஆள்காட்டி விரலில் ஒரு கணு நசுங்கி இல்லாமலே போயிற்று. புதுப்பெண் அழத் தொடங்கினாள். அம்மையார் வாய்த்துணியை அவிழ்ப்பதைப் பார்த்து மற்ற உரல்களும் நின்றுவிட்டன. அவரோ அந்தத் துணியாலேயே விரலைச் சுற்றிக்கொண்டு, "அழாதடி. சோறு திங்க மிச்ச விரல் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபக்காரருக்குள் இப்படியும் ஒரு மனம் இருந்தது.

அப்படிப்பட்டவர் மேல்தான் ஒரு பழி வந்து சேர்ந்தது.

முற்றத்து ஓரத்தில் அம்மையார் ஒரு நந்தியாவட்டைச் செடி வளர்த்து வந்தார். அரிசி களைந்த நீரை ஊற்றி ஊற்றி வளர்த்த செடி. முதல் பூ ஈசருக்கு என்று மொட்டுக்காகக் காத்திருந்தார். மொட்டு வைத்த வாரத்தில் மங்கையின் ஆடு கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, செடியைத் தண்டோடு மேய்ந்துவிட்டது. வேலை முடிந்து திரும்பிய அம்மையார் அதைப் பார்த்தார். அதன்பின் தாம் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. மங்கையின் வாசலில் போய் நின்று, தெருவே பார்க்க மண்ணை வாரித் தூற்றினார்.

"எஞ் சாமி செடி பட்டுப்போன மாதிரி, இந்த வாசலும் பட்டுப்போவட்டும்."

சொல்லி முடித்ததுமே கோபம் இறங்கிவிட்டது. அன்று மாலையே குழம்பு வைத்து ஒரு கிண்ணம் மங்கைக்குக் கொடுத்தனுப்பியும் விட்டார். கோபக்காரர்களுக்கு இது ஒரு பெரிய சௌகரியம். கொட்டியதும் தங்களுக்கு ஆறிவிடுவதால், மற்றவர்களுக்கும் ஆறிவிட்டது என்று நம்பிவிடுவார்கள்.

அந்த அறுவடைக்குள் நல்லானை வயலில் பாம்பு தீண்டியது. வரப்பிலிருந்து தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பிணத்தின் அருகே அம்மையார் ஓடிவந்தபோது மங்கை தலை நிமிராமலே சொன்னாள்: "உங்க கையால தொடாதீங்க."

அம்மையார் நின்ற இடத்திலேயே நின்றார். பெற்றவள் இல்லாத பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கும் உரிமை வளர்த்தவருக்குத்தான். ஊர்ப்பெண்கள் அவர் வாயைப் பார்த்தார்கள். அவரோ இடுப்பில் செருகியிருந்த கொட்டாரத்துத் துணியை எடுத்து, எல்லார் முன்னும் தம் வாயைக் கட்டிக்கொண்டு முற்றத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டார். ஓர் அழுகைச் சத்தமும் அந்தத் துணியைத் தாண்டவில்லை.

அன்றுமுதல் அவருக்குக் கருநாக்குக்காரி என்று பெயர். அவர் தெருவில் வந்தால் தாய்மார்கள் குழந்தைகளின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். கறவை வற்றினாலும், சுவர் இடிந்தாலும் அவர் நாக்குத்தான் காரணம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த ஊர் வாய் அவ்வளவையும் அம்மையார் நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். அவருக்குக் கூசியது. தம் குரல் தம் காதில் விழுவதற்கே கூசியது. காலையில் கோபுரத்தின் முன் நின்றபோது வழக்கமான அந்த ஒரு வார்த்தையைக்கூடச் சொல்ல வாய் வராமல், கும்பிட்ட கையோடு தலையைக் குனிந்துகொண்டார்.

கருநாக்கு குத்திய அரிசியைச் சாமி ஏற்பாரா என்று ஊரில் பேச்சு எழுந்தது. கோயில் மணியக்காரர் ஆவுடையப்பர் கெட்டவர் அல்லர், ஊருக்குப் பயந்தவர். அம்மையாரைக் கொட்டாரத்திலிருந்து மாற்றி, கோயில் மாடுகளுக்குத் தவிடு இடித்துப் புடைக்கும் பின்கொட்டகைக்கு அனுப்பினார். மாடுகளுக்குச் சாபம் ஒட்டாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அங்கே அம்மையாருக்கு எதிரே நின்று உலக்கை போட ஆள் இல்லை. ஒற்றையாகவே இடித்தார். மாட்டுத் தவிட்டுக்கு வாய்கட்டும் வழக்கம் கிடையாது. அவர் கட்டிக்கொண்டே இடித்தார்.

வாயைக் கட்டினால் கோபம் செத்துவிடும் என்று நினைத்திருந்தார். அது சாகவில்லை. மனிதர்மேல் காட்டக் கூசிய கோபம், போக்கிடம் இல்லாமல் ஈசர்மேல் திரும்பியது. பேசினது நான், சாக வேண்டியவள் நான், அவனை எதற்கு எடுத்தாய்? உலக்கை விழும்போதெல்லாம் துணிக்குள்ளே ஒரு வசவு விழுந்தது. முதலில் அது வெறும் வசவுதான். எழுதத் தகாதவை பல. ஆனால் உலக்கைக்கு ஓர் ஓட்டம் உண்டு. ஏறும்போது மூச்சு, இறங்கும்போது சொல். அந்த ஓட்டத்துக்குள் நிற்காத வசவுகள் தாமாகவே உதிர்ந்தன. நின்றவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. நல்லானுக்குப் பாடாத ஒப்பாரியும் அதோடு வந்து கலந்தது. ஒருநாள் இடித்து முடித்து வியர்வையைத் துடைக்கும்போதுதான், தாம் ஈசரை வைதது ஒரு பாட்டாகிவிட்டதை அம்மையார் உணர்ந்தார்.

உணர்ந்ததும் இன்னும் அதிகமாக வெட்கினார். மனிதரைச் சபித்தது போதாதென்று, கடவுளை வேறு ராகம் போட்டுத் திட்டுகிறேனே, நான் என்ன பிறவி என்று உரலின் அருகே உட்கார்ந்து அழுதார். இனிப் பாடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாள் உலக்கையைத் தூக்கினார். கை ஏறியதும் பாட்டு வந்துவிட்டது. கேட்பதற்கு அங்கே மாடுகளைத் தவிர யாரும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஓராண்டில் அவர் ஒரு மனிதரைக்கூட வையவில்லை. அவர் இடித்த தவிட்டைத் தின்ற மாடுகள் கொழுத்தன. ஊர் இதைக் கவனிக்கவில்லை.

மார்கழித் திருவாதிரை வந்தது. ஆடும் கோலத்தில் நிற்கும் ஈசராகிய ஆடவல்லாருக்குக் களி படைக்கும் நாள். விடியலில் சிவக்கொழுந்து குருக்கள் நடையைத் திறந்து ஆடவல்லார் திருமேனியின் முன் விளக்கைத் தூக்கினார், திகைத்துப்போனார். திருக்கழுத்தில் தவிடு படிந்த ஒரு கைத்தடம் இருந்தது. யாரோ ஆண்டவனைக் கழுத்தைப் பிடித்து உலுக்கியதுபோல நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்திருந்தன. பாலாலும் நீராலும் ஆட்டினார். எல்லாம் வழிந்தோடின, தவிடு மட்டும் அப்படியே இருந்தது. பூட்டிய நடைக்குள் எந்தக் கை வந்தது?

செய்தி பரவி, களி வாங்க வந்த ஊர் முழுவதும் மண்டபத்தில் கூடிவிட்டது. திருமேனியைத் தீண்டிய பாதகர் யார் என்று மணியக்காரர் அதட்டினார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. குருக்கள்தான் மெல்லச் சொன்னார், அந்தத் தடத்தில் ஆள்காட்டி விரல் ஒரு கணு குறைவாக இருக்கிறது என்று.

கூட்டத்தில் நின்ற மங்கை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த விரலைக் குறைத்தது அவள் உலக்கை அல்லவா?

கடைசித் தூணுக்குப் பின்னால் வாய்த்துணியோடு நின்ற சடைச்சியார் தம் கையை விரித்துப் பார்த்தார். கோயில் மாடுகளின் தவிடு அதில் ஒட்டியிருந்தது. கருவறைப் பக்கம் தாம் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும், கையால் செய்யாததை நாக்கால் செய்தவர் தாமே என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டவன் தம் குற்றத்தை ஊரறியக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றே எண்ணினார். அடிமேல் அடிவைத்து நடுவே வந்து, கையை நீட்டி, நிலத்தைப் பார்த்து நின்றார்.

என்ன செய்தாய் என்று மணியக்காரர் கேட்டார். துணிக்குள்ளிருந்தே, வைதேன் என்றார். எப்படி வைதாய், இங்கே சொல் என்றார் மணியக்காரர். அம்மையாருக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பாட்டில் இருப்பது தம் பாவம். கேட்கப் போகிறவர்களில் ஒருத்தி மங்கை. வாசலில் மண் தூற்றிய நாளில்கூட ஊர் தம்மை இவ்வளவு முழுதாகப் பார்த்ததில்லை. ஆயினும் கேட்பது கோயில். ஓராண்டுத் துணியை அவிழ்த்தார். தாளத்துக்கு உலக்கை இல்லாததால், கையால் தொடையில் அடித்துக்கொண்டே பாடினார்.

ஆலம் குடிச்சவனே — உனக்கு
அண்டையில ஒருத்தி இருந்தா;
கழுத்தை அவ புடிச்சா — விசம்
கண்டத்துல நின்னுபோச்சு.

பாவி நான் உமிழ்ந்தேனே — அது
பாலூட்டின புள்ளமேல் விழுந்துதே;
பாத்துக் கிடந்தவனே — என்
கழுத்தைப் புடிக்க ஆளில்லையே.

கருநாக்கு என் நாக்கு — உன்
கழுத்தும் கறுப்புத்தானே;
கையில கிடைச்சியின்னா — அந்தக்
கறைக்கழுத்த நான் புடிப்பேன்.

பாட்டு முடிந்தது. குழந்தைகளின் முகத்தை மூடியிருந்த முந்தானைகள் தளர்ந்திருந்தன. அம்மையார் தலை நிமிரவில்லை. "எனக்கு என்ன தண்டனையோ குடுத்துடுங்க. இந்த நாக்க வச்சிக்கிட்டு இருக்க எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

அப்போது குருக்கள் திருமேனியின் முன்னிருந்து வெளியே வந்தார். அவர் கண்களில் நீர். "தண்டனை யாருக்கு? அவர் கழுத்தக் குடுத்துருக்கார், தாயே. ஈசர் சம்மதிக்காம ஒரு கை அங்க எட்டுமா? வருசம் பூரா நீங்க கூப்பிட்டீங்க. நாங்க யாரும் கேக்கல, அவர் கேட்டுட்டார்" என்றார். விளக்கைத் தூக்கிக் காட்டினார். நஞ்சு தங்கிய அந்தக் கழுத்தில், தேவி ஒருநாள் பிடித்த அதே இடத்தில், நெல் குத்தும் ஒருத்தியின் குறைவிரல் கை பொன்போல் கிடந்தது. மணியக்காரர் முதலில் கைகூப்பினார். ஊருக்குப் பயந்தவர், அன்று ஊருக்கு முன்னால் கைகூப்பினார்.

ஆனால் அம்மையாருக்கு அது போதவில்லை. ஈசர் பொறுத்துவிட்டார், சரி. பொறுக்க வேண்டியவள் இன்னொருத்தி இருக்கிறாளே. அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

மங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையை நீட்டி, அம்மையாரின் கழுத்தில், குரல் புறப்படும் அந்த இடத்தில், மெதுவாக வைத்தாள்.

"எம் வீட்டுக்காரரத் தூக்கி வளத்தது இந்த இடுப்புதானேக்கா. அழுவுங்க. இத்தன நாளா நீங்க அழவே இல்லியே. இனிமே கோவம் வந்தா, நான் புடிச்சிக்கிறேன்."

நல்லானுக்கான ஒப்பாரியை அம்மையார் அன்றுதான் பாடினார். திருவாதிரை மண்டபத்தில் சாவுப்பாட்டா என்று ஒருவரும் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் இருவரும் கொட்டாரத்துக்குப் போனார்கள். களிக்கு அரிசி இன்னும் ஆகவில்லை. ஒரே உரலில் எதிரெதிரே நின்று இரண்டு உலக்கைகள் மாறி மாறி விழுந்தன. அன்றைக்கு மட்டும் வாய்த்துணி கட்ட வேண்டாம் என்று குருக்கள் சொல்லியனுப்பினார். களி படைத்துத் தீபம் காட்டியபோது திருக்கழுத்தில் தவிட்டுத் தடம் இல்லை.

சடைச்சியார் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கோபம் அவரைவிட்டுப் போகவில்லை, பாட்டாகத்தான் வந்தது. தம் நாக்கை எண்ணி வெட்கப்படுவதையும் அவர் கடைசிவரை விடவில்லை. புகழ வந்தவர்களிடம், "நான் திட்டினேன், அவன் வாங்கிக்கிட்டான். பெருமை அவனுக்குத்தான்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார்.

நஞ்சை மனிதர்மேல் உமிழாமல் நஞ்சுண்டவன் கழுத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்த சடைச்சியம்மையாரின் தவிடு படிந்த கைக்கு நம் தலை தாழட்டும்.