மண்ணை மிதித்த செவலி

அடர்ந்த காடு ஒன்றில் வாலில்லாக் குரங்குகள் கூட்டமாக வாழ்ந்தன. அங்கே மரத்துக்கு மரம் கிளைகள் பின்னிக் கிடந்தன. பிறந்த குரங்கு சாகும்வரை தரையைத் தொட வேண்டியதே இல்லை. அதனால் அவற்றுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மண்ணை மிதித்தவர் மறுபடி மரமேறக் கூடாது!

பிறகு மழை குறைந்தது. ஆண்டுக்கு ஆண்டு மரங்கள் பட்டுப்போயின. அவை நின்ற இடமெல்லாம் சிறுத்தையே மறையும் உயரத்துக்குப் புல் வளர்ந்தது. கடைசியில் கூட்டம் முழுவதும் ஒரே அத்திமரத்தில் ஒண்டிக்கொண்டது. அந்த மரமும் காய்ப்பதை நிறுத்தியது.

செவலி என்ற இளம் குரங்கு தன் பசியைப் பொறுத்துக்கொண்டது. ஆனால் அக்கா மயிலையின் குட்டி, பால் வற்றிய மார்பைச் சப்பிச் சப்பி அழுவதை அதனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, புல்லுக்கு அந்தப் பக்கம் ஆத்தங்கரையில பச்சை தெரியுது. வா, இறங்கிப் போகலாம்!"

"கீழேயா? என்ன பேச்சுடி பேசுற!" என்று பதறியது மயிலை.

உச்சிக் கிளையிலிருந்து தலைவன் கடுவன் சிரித்தது. "போகட்டும் விடு! சிறுத்தைக்கும் சாப்பாடு வேணுமில்ல!"

செவலி இறங்கியது. புல்லுக்குள் தவழ்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்று பார்த்தது. தூரத்தில் சிறுத்தையின் காதுகள்! சுற்றிக்கொண்டு போய், இரண்டு கை நிறையப் பழத்துடன் திரும்பியது.

"மண்ணுல நடந்தவ கொண்டுவந்தது. யாரும் தொடாதீங்க!" என்று கத்தியது கடுவன்.

மயிலை எச்சிலை விழுங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

அதன்பின் தினமும் செவலி மரத்தடிக்கு வந்து நின்றது.

"இன்னைக்காவது வாக்கா!"

"மழை வரும்டி. வந்தா எல்லாம் பழையபடி ஆயிடும். உன்னையும் மேல சேர்த்துக்குவாங்க."

மழை வரவில்லை. ஒருநாள் கடுவன் செத்து விழுந்தது. அது விழுந்த இடமும் மண்தான்.

"செவலி... நான் இறங்கிடுறேண்டி!" என்றது மயிலை. ஆனால் கிளையை விட்டு நகர அதன் உடம்பில் வலு இல்லை. செவலி வழக்கத்தை மறந்து ஏறப் பார்த்தது. காய்ந்த கிளை கையோடு முறிந்து வந்தது.

"ஏறாதே! இவனைப் பிடிச்சுக்கோ!"

மேலிருந்து குட்டி, செவலியின் கைகளில் வந்து விழுந்தது.

"நீ, அக்கா?"

"நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்."

இருவருக்கும் தெரியும், அது நடக்காது என்று.

உரோமத்தைப் பற்றிக்கொள்ளக்கூடக் குட்டிக்குத் தெம்பில்லை. அதனால் செவலி அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு கால்களால் நடந்தது. புல்லுக்குள் போனதும் ஒருமுறை நின்றது. பின்னால் எந்தக் குரலும் கேட்கவில்லை.

காடு மாறிய பிறகும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாத ஒருவரை, அவர்மேல் உயிரையே வைத்திருப்பவராலும் காப்பாற்ற முடியாது.