நார் மெஷினின் விலை

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு செண்பகவடிவுக்கு முப்பத்தொன்பது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில் நடத்தும் பொன்னுரங்கம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மில்லின் கணக்கைத் தானே எழுதிப் பழக வேண்டும் என்று இந்த வயதில் அவருக்கு ஆசை வந்தது. ஆடிட்டர் செண்பகவடிவு சனிக்கிழமைதோறும் மில்லுக்கே வந்து சொல்லித்தந்தார்.

அந்தச் சனிக்கிழமை பாடம், புதிதாக வாங்கிய நார் மெஷினைப் பற்றியது. கடைக்காரனுக்குக் கொடுத்தது மட்டும் விலை ஆகாது, கொண்டுவந்து நிறுத்தி ஓட வைக்கும்வரை தேவைப்பட்ட செலவும் விலையில் சேரும், அந்த மொத்தத்தை மெஷின் உழைக்கும் பத்து வருஷத்துக்கும் பிரித்து லாபத்தில் கழிக்கலாம் என்றார் ஆடிட்டர்.

பொன்னுரங்கத்துக்கு இது ரொம்பவே பிடித்துப்போயிற்று. லாரி வாடகை, கான்கிரீட் தளம், கரண்ட் இணைப்பு, ஓட்டிப் பார்க்க அரைத்த தேங்காய் மட்டை என்று வரிசையாக எழுதினார். கிடா வெட்டி விருந்து போட்ட செலவையும் எழுதினார். அது வேண்டாம் என்றார் ஆடிட்டர். கிடா வெட்டாமல் மெஷின் ஓடுமா என்று இவர் கேட்க, ஓடும் என்றார். பொன்னுரங்கம் மனசே இல்லாமல் அந்த வரியை அடித்தார்.

கடைசி வரியில் எண்பத்தாறாயிரம் இருந்தது. பக்கத்தில் ‘இறக்கிய செலவு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“இது என்னதுங்கண்ணா?”

பொன்னுரங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார். மெஷின் வந்த அன்று கிரேன்காரன் ஆறாயிரம் கேட்டான். பலகையும் கயிறும் போதும் என்று இவர்தான் அவனைத் திருப்பி அனுப்பினார். கயிறு நழுவியது. சுமை இறக்கிய சின்னராசுவின் கால் மெஷினுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் செலவு எண்பத்தாறாயிரம் முழுவதையும் இவரே கட்டினார், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் மில்லில் பாதிப் பங்கு மைத்துனர் தண்டபாணிக்கு. கிரேன் வைக்கச் சொல்லி முதல் நாளே போன் செய்தவர் அவர். மெஷின் விலையில் சேராமல் தனிச் செலவாக நின்றால் கேட்பார். கேட்டால் இருபது வருஷக் கூட்டு உடைந்தாலும் உடையும். அவர் முகத்தில் விழிக்கவே பொன்னுரங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

“மெஷினை இறக்கறப்ப ஆன செலவுதானுங்களே, அம்மிணி. நீங்க சொன்ன கணக்குத்தானே.”

ஆடிட்டர் எழுந்து மெஷினிடம் போனார். பொன்னுரங்கமும் நோட்டோடு பின்னால் போனார்.

“லாரி வாடகை எங்கீங்க இருக்குது?”

“கோயமுத்தூர்ல இருந்தது இங்க நிக்குதுல்லங்க.”

“தளம்?”

அவர் காலால் தட்டிக் காட்டினார்.

“அரைச்ச மட்டை?”

பற்கள் சரியாகப் பொருந்தி நார் சீராக விழுவதைக் காட்டினார். ஒவ்வொன்றும் சரியாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

“எண்பத்தாறாயிரம் எங்கீங்க இருக்குது? தொட்டுக் காட்டுங்க.”

பொன்னுரங்கம் கையை நீட்டினார். வைக்க இடம் தெரியாமல் திரும்ப இழுத்துக்கொண்டார். வாசலோரம் சின்னராசு கட்டுப் போட்ட காலை நீட்டிச் சாக்கின்மேல் உட்கார்ந்து, நார்க் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் தணிந்த குரலில் கேட்டார்.

“பத்து வருசத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாப் போச்சுன்னா ஒருத்தருக்கும் வலிக்காதுங்களே, அம்மிணி?”

“அவருக்குக் காலு ஒரே நாள்லதானுங்கண்ணா உடைஞ்சுது.”