சம்மட்டி பிடித்த சொற்கோ

முன்னொரு காலத்தில் நெய்தலூரை அடங்காராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் யானையைப் பரிசாகக் கொடுப்பான். மனம் மாறினால் சாயங்காலம் வாங்கியவனை அதே யானையின் காலில் இடறச் சொல்வான். அவன் சிரித்தாலே சபையோர் வாசல் எங்கே என்று பார்ப்பார்கள்.

அவன் துறைமுகத்தில் இறங்கும் அரபுக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர் பூலிங்க ஆசாரி. போன மாதம் அவருக்கு ராஜா பட்டுச் சால்வை போர்த்தினான். அதைப் பார்த்து வயிறெரிந்தவர், பல மொழி படித்து 'சொற்கோ' பட்டம் வாங்கிய வில்லவராயர்.

ஒருநாள் சொற்கோ சபையில் தம் படிப்பை அவிழ்த்துவிட்டார்.

"மகாராஜா! அரபு மொழியில் ஒரே வேரில் பல சொற்கள் முளைக்கும். 'தரக்' என்ற வேரில் பிறந்த 'மித்ரகா' என்றால் கொல்லன் சுத்தியல். 'தரீக்' என்றால் பாதை. 'தாரிக்' என்றால் இரவில் வரும் விருந்தாளி."

"சுத்தியல், பாதை, விருந்தாளி... மூன்றும் எப்படி ஐயா ஒருதாய்ப் பிள்ளைகள் ஆயின?" என்றான் ராஜா.

சொற்கோவுக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. "சுத்தியல் விஷயமாயிற்றே, பிரபு! அரபுக்காரரோடு பழகும் ஆசாரிக்குத் தெரியாமலா?" என்று பழியைத் தூக்கி ஆசாரி தலையில் போட்டார்.

ஆசாரியை இழுத்து வந்து, அந்த மூன்று சொல்லையும் சொன்னார்கள்.

"உச்சிப்பொழுதுக்குள் சொல். இல்லையென்றால் சுத்தியல் பிடிக்கும் கை உனக்கு இருக்காது!" என்றான் ராஜா.

வெட்டக் காத்திருந்த சேவகன் கையிலிருந்த கோடரி ஆசாரியே அடித்துக் கொடுத்தது. அதன் பதம் அவருக்குத் தெரியும், ஒரே வெட்டுதான். கை போன கொல்லனை யார் தேடி வருவார்?

"மகாராசா, வேலை செஞ்சாத்தான் எனக்குப் புத்தி ஓடும். பட்டறைச் சாமான் இங்க வரணும்" என்றார் எப்படியோ.

துருத்தி, கரி, இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் எல்லாம் அரண்மனைப் புல்வெளி வழியே வந்து சேர்ந்தன. ஓங்கி அடிக்கும் பெரிய சம்மட்டியைப் பிடிக்க ஆள்?

"சொற்கோ, நீர் பிடியும்!" என்றான் ராஜா.

"நான் சுத்தியலால தொட்ட எடத்துல போடுங்க சாமி" என்றார் ஆசாரி.

சொற்கோ மூச்சிரைக்க அடித்தார். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. ஆசாரிக்கு ஒன்றும் தோன்றவில்லை. தப்பிக்க வழி உண்டா என்று வாசலைப் பார்த்தார். சாமான் சுமந்தவர்கள் போய்ப்போய் வந்ததில் புல் நசுங்கி ஒரு தடம் விழுந்திருந்தது.

சட்டென்று அடைகல்லைத் தட்டினார். சொற்கோ அங்கேயும் ஓங்கிப் போட்டார். சம்மட்டி எகிறி அவர் தலைப்பாகையைத் தள்ளிக்கொண்டு போனது. சபை சிரிக்கப் பயந்து உதட்டைக் கடித்தது.

"ஐயோ சாமி! வெறும் அடைகல்லைத் தட்டினா நிறுத்துன்னு அர்த்தம்!" என்ற ஆசாரி, ராஜா பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மகாராசா, சுத்தியல் இரும்பை அடிக்குது. அதோ, காலு மண்ணை அடிச்சுப் பாதையாச்சு. ராத்திரி வர்றவன் கதவை அடிக்கிறான். மூணுக்கும் தொழில் ஒண்ணுதானுங்க."

ராஜா துள்ளி எழுந்தான். "இது தெரியாமலா உமக்குச் சொற்கோ பட்டம்? தெரியாததை மறைக்க இன்னொருவன் கையையா கேட்டீர்? வெட்டுங்கள் இவர் கையை!"

சொற்கோ மண்ணில் விழுந்தார். குறுக்கே பேசினால் தலையே போகும் என்று ஆசாரிக்குத் தெரியும். சுத்தியலை எடுத்து வெறும் அடைகல்லைத் தட்டினார்.

டிங். டிங்.

ராஜா அடைகல்லையும் ஆசாரியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

"நிறுத்திவிட்டேன், ஆசாரி."

சொற்கோவுக்கு ஒரு மாதம் சம்மட்டி வேலை கிடைத்தது. ஆசாரிக்கு ஒரு பொற்கடகமும் சபையில் ஓர் ஆசனமும் கிடைத்தன. அடைகல் சிங்காதனத்துக்குப் பக்கத்திலேயே நின்றது; ராஜா கோபத்தில் கத்தும்போதெல்லாம் ஆசாரி அதைத் தட்டினார். அதற்குப் பிறகு ஆசாரி பயமில்லாமல் தூங்கினார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஊர் தூங்கியது.