பழுப்புக் காரும் கட்டுச்சோறும்

சிறுக்கன்பாளையத்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கார் வாங்கிய கதை இது. நம்ப முடியாவிட்டால் பரவாயில்லை, நம்பாமலே கேளுங்கள். மூத்தவர் செங்கோடன், அடுத்தவர் நாச்சிமுத்து, கடைசி பொங்கியண்ணன். மூவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

இவர்களுக்கு ஒரே தங்கை, குணவதி. கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளை தங்கம். மாமியார் ராமாத்தாள் அப்படியில்லை. அந்த அம்மாள் வாய் திறந்தால் வீதி நாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீதிக்குப் போய்விடும்.

குணவதி பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒன்பதாம் மாசம் பிறந்த வீட்டார் வகைவகையாய்ச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து போட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதைத்தான் எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்போம். அதற்கு ராமாத்தாள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நெறமாசப் பொண்ண டவுன் பஸ்ஸுல இடிபட விடமாட்டேன். சொந்தக் கார்ல வந்து கூப்புடுங்க, அனுப்பறேன். இல்லீன்னா பிரசவம் இங்கதான், நானே பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலமே குணவதி பெரியண்ணனுக்குப் போன் போட்டு அழுதாள். "அண்ணா, பிரசவமும் இங்கயேன்னா நான் அத்தை வாயிலயே கரைஞ்சு போயிருவேன். எப்படியாவது ஒரு காரப் புடிங்க." தங்கை என்றால் மூவருக்கும் உயிர். மூளை விஷயத்தில்தான் கடவுள் கொஞ்சம் கையைச் சுருக்கிவிட்டார்.

மறுநாள் மூவரும் டவுன் ஷோரூமுக்குப் போனார்கள். டை கட்டிய பிரதாப் என்ற விற்பனைப் பையன் வரவேற்று, ஒரு காரின் கதவைத் திறந்து, "உள்ள உக்காந்து பாருங்க சார்" என்றான். உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கும்படி யாரும் சொல்லவில்லை. பிரதாப் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் உள்ளேதான் இருந்தார்கள்.

அப்புறம் கலர். வெள்ளை என்றால் உடனே கிடைக்கும் என்றான் பிரதாப். மூவரும் ஓரமாய்ப் போய் ஆலோசித்தார்கள்.

"நம்மூர் ரோட்டுல போனா எந்தக் காரும் புழுதியாத்தான் ஆகும்" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப புழுதிக் கலர்லயே வாங்கிட்டா? ஆகறதுக்கு ஒண்ணுமில்லையே" என்றான் பொங்கியண்ணன்.

செங்கோடன் தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பழுப்பு என்றால் கம்பெனியிலிருந்து வர நாளாகும் என்று பிரதாப் சொல்லிப் பார்த்தான். அவர்கள் கேட்கவில்லை. சரி என்று புக் பண்ணிவிட்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதை இவர்களுக்கும் சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு.

"வண்டி வர்ற வரைக்கும் நிம்மதியாத் தூங்குங்க சார். போன மட்டும் ஃப்ரீயா வெச்சிருங்க. நாங்களே கூப்புடுவோம்."

வீட்டுக்கு வந்ததும் வேலையைப் பங்கு பிரித்தார்கள். யாராவது ஒருவர் எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கம் விட்டுப் போனால் வண்டி வருவது நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. பகல் முறை பொங்கியண்ணனுக்கு. அவன் போர்த்திப் படுத்துக் கண்ணயர்ந்ததும் நாச்சிமுத்து உலுக்கி எழுப்பினார்.

"டேய், நிம்மதியா இருக்குதா?"

"இருந்துச்சுங்ண்ணா."

"செரி, தூங்கு." கொஞ்ச நேரம் கழித்துச் செங்கோடன் எழுப்பிக் கேட்டார். வெறும் தூக்கம் போதாதே, நிம்மதியும் வேண்டுமே. இரண்டாம் நாளே பொங்கியண்ணனின் கண் கோவைப்பழமாய்ச் சிவந்துவிட்டது.

போனை ஸ்டூல்மேல் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அது ஒருநாள் அடித்தது. நாச்சிமுத்து கையை நீட்டினார். செங்கோடன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்தா லைன் பிசியாயிரும். அந்நேரம் பாத்து ஷோரூம்காரரு கூப்புட்டா?"

"கூப்புடறதே ஷோரூம்காரரா இருந்தாங்ண்ணா?"

செங்கோடன் யோசித்தார். "அப்ப தொடவே கூடாது. அவரு கூப்புடற நேரம் ஃப்ரீயா இருக்கோணும்னுதான சொன்னாரு."

நாச்சிமுத்து கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. தினமும் அடித்தது. சிலது பிரதாப், சிலது குணவதி. அங்கே ராமாத்தாள் காலையில் காப்பி வைக்கும்போதே, "அம்மிணி, எங்க உங்கண்ணன்மார் காரு? டயர ஒண்ணொண்ணா உருட்டிட்டு வர்றாங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். குணவதி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒன்பதாம் மாசமும் பாதி ஓடிவிட்டது.

கடைசியில் பிரதாப்பே பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். வாசலில் நின்றபடி போன் போட்டான். உள்ளே ஸ்டூல்மேல் போன் அலறியது. இரண்டு பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கட்டிலில் கிடந்தான்.

"சார், எடுங்க சார், நான்தான் கூப்புடறேன்."

செங்கோடன் உதட்டில் விரல் வைத்தார். "கொஞ்சம் சத்தமில்லாம இருங்க தம்பி. உங்க போன் வர்ற நேரம்."

பிரதாப் சின்னப் பையன்தான். அன்று அவனுக்கு வயசு கூடிவிட்டது. வண்டி வந்து ஷோரூமில் ஒட்டடை பிடித்து நிற்பதைச் சொல்லி, மூவரையும் கையோடு அழைத்துப் போய், பூசை போட்டுச் சாவியைக் கொடுத்தான். இனி என்ன சொன்னாலும் வம்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாய் பழகிப்போச்சே. "அஞ்சு பேரு வண்டி சார், அதுக்கு மேல ஏத்தாதீங்க" என்றான்.

மூவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்தி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் எள்ளுச்சோறும் டிக்கியில் ஏற்றி, நல்ல நாளில் கிளம்பினார்கள். ஆரத்தித் தட்டோடு காத்திருக்கும்படி பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் சொல்லிவைத்தார்கள்.

விருந்து முடிந்தது. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று ராமாத்தாள் காரை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அகப்படவில்லை. "சீட்டு எப்படின்னு பாக்கறேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் மரியாதைக்கு ஏசியைப் போட்டார். வயிறு நிறையக் கட்டுச்சோறு, மேலே குளிர்ந்த காற்று. அந்த அம்மாள் அப்படியே அசந்து தூங்கிவிட்டாள்.

அண்ணன் தம்பிகளும் ஏறினார்கள். குணவதி பெட்டியோடு படியிறங்கி வந்தாள். செங்கோடன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"அம்மிணி, அஞ்சு பேரு ஆயாச்சு."

"அத்தைய எழுப்பி எறக்கி விடுங்கண்ணா."

"தூங்கற சம்பந்தியம்மாள எழுப்பி எறங்கச் சொன்னா நம்ம மரியாத என்னாகறது?" என்றார் நாச்சிமுத்து. தான் இறங்கலாமே என்பது மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கார்ல வந்து கூப்புட்டா அனுப்பறேன்னாங்க. வந்துட்டம். வெறும் ஆளாத் திரும்பிப் போலாமா?" என்றான் பொங்கியண்ணன்.

குணவதி, தூங்கும் மாமியாரைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். வீடு அத்தனை அமைதியாய் இருந்து அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு மனசு துள்ளியது. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அவிங்களையே கூட்டிட்டுப் போங்கண்ணா. மெதுவாப் போங்க, எழுப்பிராதீங்க. பிரசவத்துக்குத் தொணையா சின்னம்மாவ மட்டும் இங்க பஸ்ஸேத்தி விடுங்க, போதும்."

கூலி பேசியது ஓட்டுவதற்கு மட்டும் என்பதால் டிரைவர் வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்தார்.

சிறுக்கன்பாளையத்தில் கார் நின்றது. சின்னம்மா ஆரத்தியோடு ஓடிவந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தட்டோடு சிலையாய் நின்றுவிட்டாள். ராமாத்தாள் கண்ணைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை.

செங்கோடன் இறங்கிக் கதவைத் திறந்து, பக்குவமாய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து மெதுவா எறங்குங்கத்த. டாக்டரு எந்தத் தேதி குடுத்திருக்காருங்க?"