கருங்காலனின் இரட்டை ஒளிமணிகள்

முன்னொரு காலத்தில், சேவல்கூடப் பயந்து பயந்து கூவிய காலத்தில், சோதிபுரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே கருங்காலன் என்ற மந்திரவாதி, மருக்கொழுந்து என்பவளின் தங்கை செண்பகவடிவைப் புள்ளிமானாக்கித் தன் தோட்டத்தில் கட்டிப்போட்டான். அவளை மீட்க அவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் சொன்னவரும் மான்தான்.

அவனிடம் இரண்டு ஒளிமணிகள் இருந்தன. அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை ஏழு கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, மற்றதைப் பெட்டியில் வைப்பான். பெட்டியில் இரண்டு துளைகள். ஒன்றில் பார்த்தால் மணி சுற்றும் பக்கம் தெரியும், மற்றதில் நிறம். பார்க்கும்வரை அதற்குச் சுழற்சியும் கிடையாது, நிறமும் கிடையாது. ஏதாவது ஒரு துளையில் ஒரே பார்வை, அவ்வளவுதான். கேள்வி இது: கடலுக்கு அப்பால் இருக்கும் மணி எந்தப் பக்கம் சுற்றுகிறது?

இளவரசன் வந்தான். சுழற்சியைப் பார்த்தான், வலம். அங்கேயும் வலம் என்றான். கருங்காலன் தூரத்து மணியைக் காட்டும் மாயக்கண்ணாடியை நீட்டினான். அதில் மணி சிவப்பாக இடப்பக்கம் சுற்றியது. பார்த்தான், சொன்னான், மானாய் நின்றான்.

தளபதி பார்த்தார், இடம். எதற்கும் மாற்றிச் சொல்வோம் என்று வலம் என்றார். கண்ணாடியில் மணி நீலமாக இடப்பக்கம் சுற்றியது. பார்த்தார், சொன்னார், மானாய் நின்றார்.

மந்திரி பார்த்தார், வலம். மகா புத்திசாலி அல்லவா, பஞ்சாங்கத்தைப் புரட்டி இடம் என்றார். மணி சிவப்பாக வலப்பக்கம் சுற்றியது. அவரும் மானாய் நின்றார்.

மூவர் பார்த்ததையும் சொன்னதையும் அருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த மருக்கொழுந்துக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இங்கே வலம் என்றால் அங்கே சிவப்பு. இங்கே இடம் என்றால் அங்கே நீலம். இதன் சுழற்சியோடு அதன் நிறம் கட்டுண்டிருக்கிறது! இரண்டும் ஒன்றுபோல்தானே? அப்படியானால் இதன் நிறத்தோடு அதன் சுழற்சியும் கட்டுண்டிருக்கத்தானே வேண்டும்?

நேரே போய் நிறத்துளையில் கண்ணை வைத்தாள்.

"ஏ பெண்ணே, நான் கேட்டது சுழற்சியை," என்று சிரித்தான் கருங்காலன்.

"கேட்பது உன் பாடு. பார்ப்பது என் பாடு."

மணி சிவந்தது. "வலம்," என்றாள்.

கண்ணாடியில் மணி வலப்பக்கம் சுற்றிச் சுற்றி ஜொலித்தது. கருங்காலனின் மந்திரக்கோல் பொடிப்பொடியானது. மான்கள் எல்லாம் மனிதர்களாக எழுந்தார்கள். அவன் ஓடிய ஓட்டத்தில் செருப்பைக்கூட எடுக்கவில்லை.

செண்பகவடிவு ஓடிவந்து அக்காளைக் கட்டிக்கொண்டாள். "புல்லைத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சுக்கா. வீட்டுல சோறு இருக்கா?"

மருக்கொழுந்து அழுதுகொண்டே சிரித்தாள். அன்று ஊருக்கே விருந்து. அவர்கள் வயிறு நிறைந்தது, கேட்ட உங்கள் மனமும் நிறையட்டும்.