பட்டையை வெட்டுகிறவர்

"என் அடுக்குல என்ன குத்தம் மேடம்?"

குணசிங் கேட்டார். ஜெனோவா அடுக்கை ஒருமுறை சுற்றி நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

அது தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக் கிடங்கு. கப்பலில் வரும் மரத்தைப் பலகையாக அறுப்பார்கள். பலகைகளைப் பண்டலாகச் சேர்த்து இரும்புப் பட்டையால் இறுக்குவார்கள். பண்டலின்மேல் பண்டலாக ஏற்றி நிறுத்துவார்கள். லாரி வந்தால் ஏற்றி அனுப்புவார்கள்.

அடுக்குக்கு ஜெனோவா பொறுப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் பொறுப்புக்கு வந்ததிலிருந்து அந்தக் கிடங்கில் ஒரு பலகை சரிந்ததில்லை. ஒருவர் விரல் நசுங்கியதில்லை. மற்ற கிடங்குக்காரர்கள், "அந்தப் பொம்பள எப்படி நிறுத்துதுன்னு பாத்துட்டு வா" என்று ஆள் அனுப்புவார்கள். வந்தவர்கள் வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல், ஆனால் மனம் நிறைந்து போவார்கள்.

குணசிங் அவரைவிட இருபது வயது மூத்தவர். உப்புக் கிடங்கில் மூட்டை அடுக்கியே தலை நரைத்தவர். அந்தக் கிடங்கை மூடியபிறகு இங்கே வந்தார்.

"ஜெனோவாகிட்ட வேலை படிங்க," என்றார் முதலாளி.

படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று குணசிங் நினைத்தார். அன்று காலை கிரேன் வந்திருந்தபோது தானாகவே ஓர் அடுக்கு நிறுத்தினார். நாலு பண்டல் உயரம். நூல் பிடித்ததுபோல் நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஜெனோவாவும் பார்த்தார்.

"அழகா இருக்கு அண்ணாச்சி. பிரிச்சிருங்க."

அதனால்தான் அந்தக் கேள்வி.

"குத்தம் ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் பிரிக்கணும்?"

"நீங்களே பிரிங்க. வேற ஆள் வேண்டாம்."

குணசிங்குக்குச் சுருக்கென்றது. அடுக்கியதைத் தன் கையால் பிரித்ததே இல்லை அவர். அடுக்குவது இவர் வேலை. பிரிப்பது வேறு யாரோ, வேறு ஏதோ ஊரில்.

வண்டி ஓட்டும் இசக்கி ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவந்தான். மேல் பண்டலுக்கு அடியில் அதன் இரும்புக் கரங்களை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. அடுக்கு ஒரே கட்டாகத் தெரியட்டும் என்று, பண்டல்களுக்கு நடுவில் மெல்லிய கட்டைகளாகக் கொடுத்திருந்தார் குணசிங்.

"அண்ணாச்சி, இது எவ்வளவு வெயிட்டு?"

"லேபிள்ல இருக்கு பாரு."

"லேபிள் எங்க?"

லேபிள் சுவர்ப் பக்கம் இருந்தது. முன்னால் ஒட்டினால் பார்வைக்கு நன்றாயிராது என்று அவர்தான் அந்தப் பக்கம் ஒட்டினார்.

இசக்கி ஓரத்தில் லேசாக நெம்பினான். அடுக்கு ஆடியது.

ஜெனோவா கையை உயர்த்தினார். வண்டி நின்றது.

"யாரும் கிட்டப் போகாதீங்க."

சுற்றிலும் கயிறு கட்டினார். கிரேனுக்குப் போன் செய்தார். கிரேன் வரும்வரை அங்கேயே நின்றார். முதலாளி வந்து, "ஒரு அடுக்குக்கு அரை நாளா?" என்றார்.

"ஆமா சார்," என்றார் ஜெனோவா.

முதலாளி அடுக்கைப் பார்த்தார். ஜெனோவாவைப் பார்த்தார். அறைக்குள் போய்விட்டார்.

கிரேன் பெல்ட் மட்டும் அந்த இடுக்கில் நுழைந்தது. மேல் பண்டல் மெதுவாகத் தரைக்கு வந்தது.

குணசிங் பட்டை வெட்டும் கத்தரியை எடுத்தார். பண்டலுக்கு நேரெதிரே நின்று, பட்டையில் கத்தரியை வைத்தார்.

ஜெனோவா அவர் முழங்கையைப் பிடித்தார். இரண்டடி ஓரமாக நகர்த்தி நிறுத்தினார். தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். முகத்துக்குக் கண்ணாடி இறக்கிவிட்டார். பின்வாங்கி நின்றார்.

"இப்ப வெட்டுங்க."

வெட்டினார்.

பட்டை சீறிக்கொண்டு போனது. சற்றுமுன் அவர் முகம் இருந்த காற்றை அறுத்துக்கொண்டு போனது. பின்னாலேயே பலகைகள் சரிந்தன. வெளியே சமமாகத் தெரிவதற்காக நீளப் பலகைகளை ஓரத்தில் வைத்து, குட்டைப் பலகைகளை உள்ளே திணித்திருந்தார். உள்ளே வெற்றிடம். பட்டை பிடித்திருந்தவரை பண்டல். பட்டை போனதும் ஒன்றுமில்லை. முழுப் பாரமும் அவர் முதலில் நின்ற இடத்தில் விழுந்தது.

தூசி அடங்கியது.

குணசிங் கண்ணாடிக்குள் விரல்விட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை லாரியில ஏத்தியிருந்தா, அங்க யாரு மேடம் வெட்டியிருப்பா?"

"தெரியல அண்ணாச்சி."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"மறுபடி கட்டட்டுமா?"

"கட்டுங்க."

மற்ற பண்டல்களையும் இறக்கி, ஓரமாக நின்று வெட்டி, பலகைகளை நீளம் பார்த்துப் பிரித்தார். குட்டையைத் தனிப் பண்டலாக்கினார். பட்டை பலகையைக் கடிக்காதபடி மூலைக்கு மூலை தகடு கொடுத்தார். தடித்த தாங்குகட்டைகளை எடுத்து, கீழ்க்கட்டைக்கு நேர்மேலாக மேல்கட்டை வரும்படி வைத்தார். மூன்று பண்டலோடு நிறுத்திக்கொண்டார். இந்தத் தடவை யாரும் நின்று பார்க்கவில்லை. ஜெனோவா மட்டும் ஒரு பக்கமாக நின்று, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் லேபிள். மர வகை, நீளம், எடை எழுதினார். முன்பக்கம் ஒட்டினார். ஒட்டியபிறகும் போகவில்லை. பேனாவைப் பிடித்தபடி நின்றார். மீதி இடத்தில் இன்னும் இரண்டு வரி எழுதினார். ஒவ்வொரு பண்டலிலும் எழுதினார்.

ஜெனோவா படித்தார். ஏற்ற வந்த லாரிக்கு வழிவிட்டார்.

அடுத்த வாரம் கிடங்குக்கு ஒரு போன் வந்தது. ஜெனோவா எடுத்தார்.

"மார்த்தாண்டத்துல இருந்து பேசுதேன். அங்க லேபிள் எழுதினது யாரு?"

"என்ன விஷயம்?"

"வர்ற வழியில லாரிக்காரர் சடன் பிரேக் போட்டிருக்கார். பண்டல் முன்னால நகந்து, பட்டை விண்ணுனு நிக்குது. நான் எப்பவும் போல நேரா நின்னு வெட்டப் போனேன். லேபிள்ல எழுதியிருந்துச்சு. 'வெட்டுகிறவர் எதிரே நிற்க வேண்டாம். ஓரமாக நின்று வெட்டவும்.' சரின்னு ஓரமா நின்னேன். பட்டை சாட்டை மாதிரி போச்சு."

அந்தக் குரல் தாழ்ந்தது.

"லேபிள்ல எடை இருக்கும், அளவு இருக்கும். வாங்குறவங்க படிப்பாங்க. எனக்குன்னு அதுல ஒருத்தரும் எழுதினதில்ல. அதான், யாருன்னு கேட்டேன்."

ஜெனோவா எழுந்து வெளியே வந்தார். குணசிங் ஒரு பண்டலின் அருகில் முழங்காலிட்டு, தாங்குகட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனோவா போனை நீட்டினார்.

"உங்களுக்கு, ஐயா."

குணசிங் எழுந்தார். கையுறையைக் கழற்றினார். போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொன்னது. கடைசிவரை கேட்டார்.

பிறகு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, உங்க பேரு என்ன?"