கரடி பார்த்த இரண்டு நாள்

ஒரு காட்டில், மேகம் இறங்கிவந்து மரக்கிளையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகிற ஒரு காட்டில், தேனப்பன் என்று ஒரு கரடி இருந்தது, கண்ணுகளா. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய அதற்குத் தெரியாது. கரையான் புற்றைத் தோண்டினாலும் அடிமண் தெரியும்வரை தோண்டும். பொய் சொல்லவும் தெரியாது.

அதே காட்டில் மாசாணி என்று ஒரு புள்ளிமான். அதற்கு ஒரே ஒரு குட்டி. பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஓடைக்கரை மருத மரத்தடியில், உயரமான புல்லுக்குள் குட்டியைப் படுக்கவைத்துவிட்டு, மாசாணி எங்கோ தள்ளிப் போய் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதை ஒரு நாள் மைனா பார்த்தது. பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்கிற பழக்கம் மைனாவுக்குக் கிடையாது.

"பெத்த குட்டியைப் புல்லுல போட்டுட்டு இவ பாட்டுக்கு மேயுறா. கல்நெஞ்சுக்காரி" என்று மரம் மரமாகப் போய்ச் சொன்னது. பொழுது சாய்வதற்குள் காடு முழுக்க அதே பேச்சு.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தாய்மான், தன் குட்டியைப் பறிகொடுத்துவிட்டு மடி கனத்துத் திரிந்தது. அதனிடம் இந்தக் குட்டியைக் கொடுத்துவிடலாமே என்றது குரங்கு. சரிதானே என்றது காட்டுப்பன்றி. காட்டுக்குத் தலைமையாக இருந்த காட்டெருமை மட்டும் கொஞ்சம் யோசித்தது. வெறும் பேச்சை நம்பி ஒரு தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கக் கூடாது, யாராவது கூடவே இருந்து பார்த்து வந்து சொல்லட்டும் என்றது. பொய் சொல்லத் தெரியாத கரடியையே அனுப்பிவைத்தன.

கரடி போனது. ஒன்றும் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாது என்று குட்டிக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டது. தாய் வந்து குட்டியிடம் அன்பாக இருக்கும்போதெல்லாம் மருத மரத்தில் நகத்தால் ஒரு கோடு போடுவது என்று வைத்துக்கொண்டது.

முதல் நாள், பனி ஓடைத் தண்ணீர்மேல் நடந்து நடந்து போனது. மாசாணி வரவில்லை. இரண்டாம் நாள், வெயில் இலைகளின் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது. அப்போதும் வரவில்லை. கரடி தூங்கவில்லை. தேன் தேடியும் போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

குட்டி தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. கரடி தன் நகத்தில் ஒட்டியிருந்த ஒரு துளித் தேனை அதன் வாயருகே நீட்டிப் பார்த்தது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரடிக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தில் ஒரு கோடுகூட இல்லை.

மதியம் தாண்டியதும் ஆற்றுத்துறையில் எல்லா விலங்குகளும் கூடின. கரடி தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. மாசாணி ஓரமாக நின்றிருந்தது. உன் பக்கம் ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா என்று காட்டெருமை கேட்டது. மாசாணி கரடியைப் பார்த்து இரண்டடி பின்வாங்கியது. அது பேசாமல் நின்றதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகவே எல்லாம் எடுத்துக்கொண்டன.

நாளைக் காலையில் குட்டியை அக்கரைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. மாசாணி தலையைத் தொங்கப்போட்டபடி மரங்களுக்குள் போய் மறைந்தது.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் தேவாங்கு வந்து சேர்ந்தது. கூட்டம் என்று கேட்டதும் கிளம்பிய தேவாங்குதான் அது. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குக் கை வைப்பதற்கே அதற்கு அவ்வளவு நேரம் ஆகும். நடந்ததையெல்லாம் கேட்டுத் தன் பெரிய கண்களை மெல்ல மூடித் திறந்தது.

"தேனப்பண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க அங்க இல்லாதப்போ அந்தத் தாய் என்ன செஞ்சா?"

"நான் இல்லாதப்போ நடக்குறதை நான் எப்படித் தம்பி பாக்குறது?" என்றது கரடி. எல்லாம் சிரித்தன.

தேவாங்கு சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தது. "அதான் நானும் சொல்றேன். நீங்க மாசாணியைப் பாக்கல. நீங்க பக்கத்துல உக்காந்திருக்கும்போது மாசாணி என்ன செய்யுறாளோ, அதைத்தான் பாத்தீங்க. கோவிச்சுக்காதீங்க அண்ணே, நீங்க ஓடைக்கு அந்தாண்ட வந்தாலே இந்தாண்ட எனக்குத் தெரிஞ்சிடும். கண்ணாலே இல்ல."

குரங்கு வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது. கரடி தன் அக்குளை ஒரு முறை மோந்து பார்த்தது. அதற்கு ஒரு வாசமும் தெரியவில்லை.

"ஓஹோ, அப்போ மாசாணி நல்லவள்னு சொல்ல வர்றியா?" என்று மைனா பாய்ந்தது.

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதனாலதான் இன்னொரு தடவை பாக்கச் சொல்றேன்."

காட்டெருமைக்கு அது நியாயமாகப் பட்டது. பொழுது அடையும்வரை தவணை கொடுத்தது. எப்படிப் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, அன்பாக இருப்பதென்றால் என்ன, எதைக் கண்டால் கோடு போடுவீர்கள் என்று தேவாங்கு கரடியைக் கேட்டது. கரடி தலையைச் சொறிந்தது. அன்பு கண்ணுக்குத் தெரியாதே! கடைசியில், தாய் வந்து பால் கொடுக்கிறதா இல்லையா, அதை மட்டும் பார்த்தால் போதும் என்று பேசிவைத்துக்கொண்டன. கரடி ஒரு இடம், மைனா ஒரு இடம். இரண்டும் ஒன்றோடொன்று பேசக் கூடாது. பார்த்ததைத் தனித்தனியாக வந்து காட்டெருமையின் காதில் சொல்ல வேண்டும்.

கரடி ஓடைச் சேற்றில் புரண்டு எழுந்தது. குட்டியின் பக்கமிருந்து காற்று தன் பக்கம் வரும்படியாக ஓடைக்கு எதிர்க்கரையில் ஒரு பாறையைத் தேடி, அதன் பின்னால் மூச்சைச் சின்னதாக விட்டுக்கொண்டு படுத்தது. மைனா தூரத்து மரத்தில், முதல் முறையாக, அலகை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

வெயில் மஞ்சளானது. பிறகு வெயில் இருந்ததே மறந்துபோகிற மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. பனி மறுபடியும் ஓடைமேல் நடக்க ஆரம்பித்தது. புல் அசைந்ததா, பனி அசைந்ததா என்று தெரியவில்லை.

மாசாணி வந்தது.

ஒரு அடி வைத்தது. நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றைக் குடித்துப் பார்த்தது. இன்னொரு அடி. பிறகு, கூப்பிட்டதா மூச்சுவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் கொடுத்தது. புல்லுக்குள் குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடியும் எழுந்தது. தள்ளாடிப் போய் மடியை முட்டியது. அது பால் குடிக்கிற சத்தம் ஓடையைத் தாண்டிப் பாறைவரை கேட்டது. மாசாணி அதன் காதையும் முதுகையும் நக்கி நக்கி ஈரமாக்கியது.

குட்டிக்கு வயிறு நிறைந்ததும் அதை வேறொரு புல் மறைவில் படுக்கவைத்தது. பிறகு வேண்டுமென்றே சருகு நொறுங்க மிதித்துக்கொண்டு, எதிர்த் திசையில் வெகுதூரம் போய் நின்று மேய்ந்தது. யார் மோப்பம் பிடித்து வந்தாலும் தன் பின்னால் வரட்டும் என்று.

மைனா காட்டெருமையிடம் போய், "வந்தா. பால் குடுத்தா" என்றது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கரடியும் தனியாக வந்து அதையே சொன்னது. குட்டி தாயிடமே இருக்கட்டும் என்று காட்டெருமை சொல்லிவிட்டது. விலங்குகள் ஒவ்வொன்றாகக் கலைந்து போயின.

கரடி மட்டும் போகவில்லை. "ரெண்டு நாளா அந்தக் குட்டியைப் பட்டினி போட்டது நான்தான் தம்பி. போய் அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்" என்றது.

"எங்க நின்னு கேப்பீங்க அண்ணே?" என்றது தேவாங்கு.

கரடி எடுத்துவைத்த காலை அப்படியே நிறுத்தியது. மருத மரம் இருக்கும் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தன் வாசம்கூட அந்தப் பக்கம் போய்விடாதபடி, மலையைச் சுற்றிக்கொண்டு போகிற நீளமான வழியில் திரும்பி, பனிக்குள் மெதுவாக நடந்து போனது.

நீதி: ஒருவரைப் பார்த்து எடைபோடப் போகிறவர், தாம் அங்கே இருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.